உழைப்பு நேரமும் கல்லூரி மணியும்

மும்பையின் வரைபடத்தில் தாராவியும் மாட்டுங்காவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன; தாராவிக்குள் அடங்கிய ஒரு குடியிருப்புக்கே மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றுதான் பெயர். 1887 இல் தொடங்கப்பட்டு 1923 இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம், 1937 இல் எழுந்த ருயா கல்லூரியும் குருநானக் கால்சா கல்லூரியும், 1941 இல் வணிகவியலுக்கென்றே நிறுவப்பட்ட போதார் கல்லூரி என நாட்டின் தேர்ந்த உயர்கல்வி நிறுவனங்கள் சில, தாராவித் தோல் தொழிலாளியின் வீட்டிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில் இரண்டு தலைமுறைக் காலத்துக்குள் நிலைகொண்டன. அந்தத் தொழிலாளியின் பிள்ளைகளில் அக்கல்லூரிகளின் வாயிலைக் கடந்தவர்கள் நெடுங்காலம் மிகச் சிலரே. கட்டணம் இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணச் சலுகை கிடைத்த காலத்திலும் பெரும்பாலோருக்குக் கல்லூரி எட்டாமலே இருந்ததால், வறுமை ஒரு மாணவனிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்ற ஆய்வைக் கட்டணத்தில் தொடங்காமல் அவனுடைய வேலை நேரத்தில் தொடங்குவதே பொருத்தமாகும்.

தாராவியின் தமிழ்க் குடியேற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் ஆலைகளோடு தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் அவ்வாலைகளின் சுண்ணாம்புத் தொட்டிகளிலும் தோல் கிடங்குகளிலும் உழைத்தார்கள். மாட்டுங்காவின் வரலாறு வேறு வகையானது. 1896 ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோய்க்குப் பின், நகரின் நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு 1898 இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை அகன்ற தெருக்களோடு திட்டமிட்டு எழுப்ப, அங்கே தஞ்சாவூர், பாலக்காடு வட்டாரங்களிலிருந்து வந்த எழுத்தர்களும் தட்டச்சர்களும் சுருக்கெழுத்தர்களும் குடியேறினார்கள். 1932 இல் அவர்கள் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1960 இல் தாராவிக்கு மிக அருகிலுள்ள சயானில் ஒரு கல்லூரியையும் நிறுவியது. ஒரே மொழி பேசிய இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையிலிருந்த வேறுபாடு சாதியிலும் வருமானத்திலும் மட்டும் நிற்கவில்லை. மாட்டுங்கா எழுத்தரின் மகனுக்குப் பகல் முழுவதும் படிப்பதற்கென்றே விடப்பட்டிருந்தது. தாராவியிலோ பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பகல் ஏற்கெனவே ஒரு கூலிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தது.

பகலை இழந்தவர்களுக்கு இரவில் பாடம் நடத்தும் வழக்கம் மேற்கு இந்தியாவில் பழையது. 1855 இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புணேயில் உழைப்பாளருக்காக ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கினார்கள். மும்பையில் 1911 இல் நா. ம. ஜோஷி நிறுவிய சமூக சேவை சங்கம், பருத்தி ஆலைத் தொழிலாளர் நிறைந்த பகுதிகளில் இரவுப் பள்ளிகளையும் வாசகசாலைகளையும் நடத்தியது. ஆலைச் சங்கு ஊதியபின் தொடங்கி இரவு உணவுக்கு முன் முடியும் இந்தப் பள்ளிகள், காலப்போக்கில் முதியோருக்கு எழுத்தறிவிக்கும் இடங்கள் என்ற நிலையிலிருந்து வளர்ந்து, பகல் பள்ளி மாணவர் எழுதும் அதே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் முறைசார்ந்த உயர்நிலைப் பள்ளிகளாயின. உணவகத்தில் மேசை துடைப்பவர், கடைச் சிப்பந்தி, வீட்டு வேலை செய்யும் பெண், கூரியர் பையன் என இன்றும் பல தொழில் செய்வோர் ஒரே வகுப்பில் அமரும் இப்பள்ளிகள், மும்பை தன் ஏழைகளுக்குச் செய்த கல்விப் பணிகளில் மிகப் பெரியது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆயினும் அவற்றின் குறையும் வெளிப்படையானது. பகல் பள்ளியின் பாடத்திட்டத்தை அதில் பாதியளவு நேரத்தில் முடிக்க வேண்டியிருந்தது. கட்டடம் பகல் பள்ளிக்குச் சொந்தமாக இருந்ததால் ஆய்வுக்கூடமும் நூலகமும் இரவில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. வேலை முடிந்து நேரே வரும் மாணவர் பசியோடு வந்தனர். 2008 இல் தொடங்கப்பட்ட மாசூம் என்ற தொண்டு நிறுவனம் இரவுப் பள்ளிகளில் தன் பணியைச் சிற்றுண்டி, பாடநூல், ஊர்தியில் கொண்டுவரப்படும் அறிவியல் ஆய்வுக்கூடம் ஆகியவற்றோடு அமைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழ்நாடு 1956 இல் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தின் வழியாகவே அரசின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த அறிவு பகல் பள்ளியின் சிறுவனோடு நின்றுவிட்டது, பதினெட்டு வயதில் உழைத்துக்கொண்டே படிப்பவனை அது எட்டவில்லை.

உழைப்பாளியின் நேரத்தைக் கல்லூரியே மதித்து நடந்துகொண்ட முன்மாதிரி மும்பையின் கோட்டைப் பகுதியில் உருவானது. அதை உருவாக்கியவர் அந்தத் தேவையைத் தம் உடம்பால் அறிந்தவர். பம்பாய் பரேலில் சால் எனப்படும் வரிசை வீடுகளில் ஓர் அறைக் குடியிருப்பில் வளர்ந்த அம்பேத்கரை, வீட்டார் அனைவரும் உறங்கியபின் கிடைக்கும் அமைதிக்காக, அவருடைய தந்தை முன்னிரவிலேயே தூங்கவைத்துப் பின்னிரவு இரண்டு மணியளவில் படிக்க எழுப்பிவிடுவார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் படித்து முடிக்க பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதந்தோறும் அளித்த 25 ரூபாய் உதவியது. பின்னாளில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தபோது, 1944 இல், பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை, அதாவது பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிந்தைய படிப்புக்கு அரசு தரும் தொகை, நடைமுறைக்கு வந்தது. 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அவர், 1946 ஜூன் 20 அன்று சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார்.

அக்கல்லூரி காலை வேளையில் வகுப்புகளை நடத்தியது. அலுவலகங்கள் திறப்பதற்கு முன் பாடங்கள் முடிந்துவிட, மாணவர் அங்கிருந்து நேரே வேலைக்குப் போக முடிந்தது. இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கல்லூரி அமைந்த இடம் நகரின் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் கப்பல் நிறுவனங்களும் செறிந்த கோட்டைப் பகுதிக்குள் இருந்ததால், தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ வருபவருக்கு வேலைக்கும் படிப்புக்கும் ஒரே ரயில் பயணம் போதுமானதாக இருந்தது. புறநகர் ரயிலில் மாணவருக்குரிய சலுகை பாஸ் அந்தச் செலவையும் குறைத்தது. உதவித்தொகை மட்டும் தந்து பகல் நேரக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தால், குடும்பம் இழக்கும் கூலியை அத்தொகை ஈடுசெய்திருக்காது. கால அட்டவணையை மாற்றியதால் கூலி இழப்பே இல்லாமற் போனது. கருவூலத்திலிருந்து ஒரு பைசாவும் கூடுதலாகச் செலவழிக்காமல் ஒரு கல்லூரி தன் ஏழை மாணவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுவாக இருக்க, சுதந்திர இந்தியாவின் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இதைப் பின்பற்றவில்லை என்பது வருந்தத்தக்க உண்மை.

இதே மாநிலத்தில் மற்றொரு வழியும் வகுக்கப்பட்டது. 1919 இல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய பாவ்ராவ் பாட்டீல், சாதாராவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்துண்ணும் விடுதியை நடத்தி, 1947 இல் அங்கே தொடங்கிய சத்ரபதி சிவாஜி கல்லூரியில், உழைத்துக்கொண்டே படிக்கும் திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். மாணவர் வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்து ஈட்டியது அவருடைய உணவுக்கும் படிப்புக்கும் ஆயிற்று. கிராமத்தில் இது பொருந்தியதற்குக் காரணம், வேலையைக் கல்லூரியே கொடுத்தது. மும்பையில் வேலையைக் கொடுத்தது நகரம். அங்கே கல்லூரி செய்யவேண்டியிருந்தது விலகி வழிவிடுவது மட்டுமே.

எனினும் சித்தார்த்தாவின் வாசல்வரை வந்து சேர ஒருவர் பள்ளியிறுதியை முடித்திருக்க வேண்டும். தாராவித் தமிழரைப் பொறுத்தவரை ஏணி முறிந்திருந்தது அதற்கும் கீழே. தாராவியின் முதல் பள்ளியே 1924 இல் தோன்றிய தமிழ்ப் பள்ளிதான் என்பது அவ்வட்டாரத் தமிழர் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் பள்ளிகளை நடத்திவருவது இந்திய நகரங்களில் அரிதான பண்பு. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அந்தப் பள்ளிகளில் தமிழ் நெடுங்காலம் ஏழாம் வகுப்போடு முடிந்தது. எட்டாம் வகுப்பில் மாணவன் இந்தி வழியிலோ ஆங்கில வழியிலோ சேர வேண்டும். அதுவரை அறிவியலையும் கணக்கையும் தமிழில் கற்றவன், அவற்றின் கலைச்சொற்களையெல்லாம் பதின்மூன்று வயதில் புதிதாகத் தொடங்க வேண்டும். அதே பதின்மூன்று வயதில்தான் இட்லி வியாபாரமும் தையல் பட்டறையும் தோல் பை தைக்கும் கூடமும் அவனைக் கூப்பிட்டன. வகுப்பறையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதற்கும் கையில் கூலி வாங்குவதற்கும் இடையில் ஒரு சிறுவன் எதைத் தேர்வான் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. பின்னர் சில இடங்களில் மட்டும் மேல்வகுப்புகள் தமிழில் திறக்கப்பட்டன.

இந்த முறிவை நிரப்ப முயன்றவை சமுதாய அமைப்புகளே. பம்பாய்த் தென்னிந்திய ஆதிதிராவிடர் சங்கம் தாராவியின் தொண்ணூறடிச் சாலைப் பகுதியில் காமராசர் நினைவு ஆங்கில உயர்நிலைப் பள்ளியை நடத்தி, தொடக்கம் முதலே ஆங்கில வழியில் கற்பித்து எட்டாம் வகுப்பில் நேரும் மொழித் தாவலைத் தவிர்த்தது. தாய்மொழிக் கல்வியை விட்டுக்கொடுத்துத்தான் உயர்கல்விக்கு வழி தேட வேண்டியிருந்தது என்பது தமிழ் வாசகருக்கு மனவருத்தம் தரும். ஆனால் அந்தப் பெற்றோர் முன் இருந்த வாய்ப்புகளை எண்ணிப் பார்க்கையில் அவர்கள் மீது குறை சொல்ல இடமில்லை. 1975 இல் மகாராஷ்டிரம் பத்தாம் வகுப்பைப் பள்ளியிறுதியாக்கியபின், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் ஜூனியர் கல்லூரி என்ற பெயரில் தனிப் படியாயின. இந்த இடைப்படி பள்ளிகளோடும் பட்டக் கல்லூரிகளோடும் ஒட்டியிருந்தது. தாராவி மாணவர் பலர் நின்றுபோன இடமும் இதுவே. பத்தாம் வகுப்புச் சான்று ஒரு வேலைக்குப் போதுமானதாக இருந்தது, அதற்குமேல் இரண்டாண்டு காத்திருக்க வீட்டில் எவருக்கும் இயலவில்லை. 1966 இல் தோன்றிய சிவசேனா, அலுவலக எழுத்தர் பணிகளில் தென்னிந்தியரை எதிர்த்து நடத்திய கிளர்ச்சி, படித்தாலும் வேலை கிடைக்குமா என்ற ஐயத்தை அதற்கு முன்பே இக்குடும்பங்களில் விதைத்திருந்தது.

நேரமும் மொழியும் வாய்த்தபின்னும் இவர்களை மறித்து நின்றது காகிதம். அரசியலமைப்பின் 341, 342 ஆம் பிரிவுகளின்படி பட்டியல் சாதிகளும் பழங்குடிகளும் மாநிலந்தோறும் தனித்தனியே அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி அவரோடு செல்லுமா என்ற கேள்வி எழுந்ததும் மும்பையில்தான். ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் தந்தையின் வேலை நிமித்தம் மும்பைக்கு வந்த ஒரு பழங்குடி மாணவர், பரேலிலுள்ள சேட் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கேட்டதையொட்டி எழுந்த மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில், 1990 இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அத்தகுதி குடிபெயர்ந்தவரோடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் ஒரு சாதிக்கு நேர்ந்த கொடுமை மற்றொரு மாநிலத்திலும் அதே அளவில் நேர்ந்திருக்கும் என்று கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் தருக்கம். இந்தத் தருக்கத்தைத் தாராவியின் நிலைமையோடு வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை. திருநெல்வேலியின் சேரியிலிருந்து வந்தவர் மும்பையிலும் சேர்ந்தது தோலுரிப்பின் நாற்றத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும்தான்; சாதி அவரோடு ரயிலேறி வந்தது, சாதிக்குரிய சட்டப் பாதுகாப்பு ஊரிலேயே தங்கிவிட்டது.

இதன் விளைவாக, தாத்தா காலத்தில் வந்து மும்பையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாணவி, மகாராஷ்டிரத்தில் தமிழ்நாட்டுக்காரியாகவும் தமிழ்நாட்டில் மும்பைக்காரியாகவும் கருதப்படும் நிலை உண்டாயிற்று. மகாராஷ்டிரம் சாதிச் சான்றுக்கு 1950 ஆகஸ்ட் 10 க்கு முன் முன்னோர் அம்மாநிலத்தில் வசித்தமைக்கு ஆதாரம் கேட்கும். அவர்களுடைய சாதி அம்மாநிலப் பட்டியலில் இருக்கவும் வேண்டும். மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையோ மாணவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலத்தின் வழியாகவே வழங்கப்படுவது. பலமுறை இடிக்கப்பட்டும் தீக்கிரையாகியும் மழையில் நனைந்தும் போன குடிசைகளில், எழுபது ஆண்டுக்கு முந்தைய வசிப்பிட ஆதாரம் பத்திரமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே அந்த வாழ்க்கையை அறியாத எதிர்பார்ப்பு. 1976 இல் குடிசைகளைக் கணக்கெடுத்து அரசு வழங்கிய போட்டோ பாஸ் என்ற அடையாள அட்டையும் ரேஷன் கார்டும்தான் பல வீடுகளில் உள்ள மிகப் பழைய ஆவணங்கள். ஆகவே கல்லூரி அலுவலகத்தில் ஏழை மாணவர் முதலில் சந்திக்கும் மனிதர் பேராசிரியரல்லர், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் எழுத்தர். அவர் பொறுமையாக விளக்கிச் சொல்பவராக இருந்தால் ஒரு படிப்பு தொடர்கிறது, இல்லையேல் அந்த மேசையிலேயே முடிந்துவிடுகிறது.

பெண்களின் நிலை இதனினும் கடினம். தாராவியில் விடியுமுன் இட்லி மாவு கரைத்து அடுப்பு மூட்டும் வீடுகளில், காலை வகுப்புக்குரிய நேரமே வேலை நேரம். அண்ணன் தம்பிக்கு விடுதலை தந்த காலைக் கல்லூரி அக்காள் தங்கைக்கு உதவவில்லை. 1916 இல் கார்வே தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம், வகுப்புக்கு வராமல் தனித்தேர்வராகத் தேர்வெழுத இடமளித்ததும், மும்பைப் பல்கலைக்கழகம் 1971 இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும், 1989 இல் நாசிக்கில் அமைந்த யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவரையும் ஓர் ஆயத்தப் படிப்பின் வழியாகப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொண்டதும் இத்தகைய பெண்களுக்குப் பயன்பட்டன. ஆனால் பாடப் பொதி வீட்டுக்கு வந்தாலும் அதை விரித்துப் படிக்க இடம் வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில் ஆறேழு பேர் வாழும் வீட்டில் அந்த இடமில்லை என்பதால்தான், மும்பையின் சால்களிலும் குடிசைப் பகுதிகளிலும் அப்யாசிகா எனப்படும் பொதுப் படிப்பறைகள், அதாவது ஒரு மேசையும் விளக்கும் அமைதியும் மட்டும் தரும் கூடங்கள், தோன்றின. அவற்றில் இரவு நெடுநேரம் தங்கிப் படிக்கப் பெண்களுக்கு வீட்டில் இசைவு கிடைப்பது அரிது.

இவ்வளவையும் ஒரே நிறுவனத்தில் தொகுத்துத் தரும் நோக்கில் எழுந்ததே சமுதாயக் கல்லூரி என்ற கருத்து: ஒரு வட்டாரத்து மக்களுக்கென, அவர்கள் வசிக்குமிடத்துக்கு அருகில், நுழைவுத் தகுதியைத் தளர்த்தி, ஓரிரு ஆண்டில் தொழிலையும் பொதுக்கல்வியையும் கற்பித்து, விரும்பினால் பட்டப்படிப்புக்கு மாறவும் வழிவிடும் கல்லூரி. அமெரிக்காவில் 1901 இல் ஜோலியட்டில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி இதற்கு முன்னோடி. 1947 இல் ட்ரூமன் ஆணையம் அதை நாடெங்கும் பரப்பப் பரிந்துரைத்தது. இந்தியாவில் 1995 இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996 இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் முதல் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. சேவியர் அல்போன்ஸ் அடிகளாரின் முயற்சியால் தமிழகத்தில் அவை பரவின. 2013 இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு திட்டத்தை அறிவித்தது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பணிப் பயிற்சி என்ற மூன்றையும் இணைத்த அந்தப் பாடத்திட்டம், பள்ளியை இடையில் விட்டவர்க்கு உண்மையான மறுவாய்ப்பாயிற்று. ஆனால் அமெரிக்க மூலத்தில் இருந்த, பட்டப்படிப்புக்கு மாறிச் செல்லும் பாதை இங்கே குறுகிவிட்டது. ஏழைக்குத் தொழில், வசதியுள்ளவனுக்குப் பட்டம் என்ற பழைய பிரிவினையை அது மாற்றவில்லை. சித்தார்த்தா கல்லூரியில் காலையில் அமர்ந்த தொழிலாளிக்கு அளிக்கப்பட்டது மற்றெவரும் பெறும் அதே பட்டமாகும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கிய திட்டம், கட்டண விலக்கோடு ரயில்-பேருந்து அட்டை, பாடநூல் உதவி, அடிக்கடி சந்தித்துப் பேசும் ஆலோசகர் ஆகியவற்றைச் சேர்த்து வழங்கியபோது, மூன்றாண்டுக்குள் படிப்பை முடித்தவர் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. மும்பையின் இரவுப் பள்ளிகளும் காலைக் கல்லூரியும் படிப்பறைகளும் தனித்தனியே கண்டறிந்தவற்றை அங்கே ஒரே கூரையின்கீழ் சேர்த்தார்கள். மும்பையில் அவை இன்னும் சேரவில்லை.

இடம்பெயர்வு இந்த வரலாற்றின் ஓயாத பகுதி. செம்பூரை அடுத்து டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனியில் தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்தனர்; கோலார் தங்கவயலில் பிறந்து அங்கே வந்து சேர்ந்த, பின்னாளில் குடிசைவாழ் மக்களின் தலைவரான ஜோக்கின் அற்புதம் அக்குடியிருப்பின் சிறுவர்களுக்கென ஒரு பள்ளியைத் திரட்டியதோடுதான் தம் பொதுவாழ்வைத் தொடங்கினார். 1976 இல் நெருக்கடி நிலைக் காலத்தில் அக்காலனி முழுவதும் அகற்றப்பட்டுச் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டது. வீடு மாறும்போது பள்ளி மாறுகிறது, பள்ளி மாறும்போது பயிற்று மொழி மாறக்கூடும், கல்லூரிக்குப் போகும் ரயில் தடமும் வேலையிடமும் மாறுகின்றன. இப்போது தாராவியின் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1 க்கு முன் குடியிருந்ததற்கு ஆதாரம் உள்ள தரைத்தளக் குடும்பங்களுக்கு அங்கேயே வீடும், மற்றவர்களுக்குத் தேவனார், முலுண்ட் போன்ற தொலைவான இடங்களில் வீடும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. பரப்பளவும் தகுதி நாளும் கணக்கிடப்படும் இந்தத் திட்டத்தில், தமிழ் வழிப் பள்ளி எங்கே அமையும், இரவுப் பள்ளிக்குக் கட்டடம் எது, மாலையில் சயானிலோ கோட்டையிலோ வேலை முடித்த ஒருவர் தேவனாரில் எத்தனை மணிக்குள் வகுப்பை எட்ட முடியும் என்பனவும் வீட்டின் சதுர அடியோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியவை.